ஒரே சரக்கு, வேறு வேறு மூட்டை
கடைக் கம்ப்யூட்டரை மாற்றுமுன் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

எட்டயபுரம் கடைத்தெருவில் நமக்கு நன்கு அறிமுகமான பலசரக்கு மொத்த வியாபாரி ஒருவர் இருக்கிறார். சுற்றுக் கிராமங்களில் உள்ள சிறு கடைகளுக்கு அரிசி, உளுந்து, வத்தல், எண்ணெய் ஆகியவற்றைக் கடனுக்குக் கொடுத்து வாரா வாரம் வசூல் செய்வது அவர் தொழில். சனிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வருகிறவர்கள், சந்தை முடிந்ததும் அவர் கடையில் பழைய பாக்கியைக் கொடுத்துவிட்டுப் புதுச் சரக்கை ஏற்றிக்கொண்டு போவார்கள். யார் யாருக்கு எவ்வளவு பற்று என்பது ஒரு காலத்தில் சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேட்டில் இருந்தது. பிறகு கம்ப்யூட்டருக்குப் போனது. பேரேடு எழுதும் பழக்கமும் அத்தோடு நின்றது.

ஒரு மழைக்காலத்தில் இடி இடித்த இரவுக்கு மறுநாள், அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கே புதிது வாங்கி வந்தார். பழைய பில் போடும் சாப்ட்வேரின் சி.டி.யை எடுத்து வைத்தார். புதுப் பெட்டியில் சி.டி. போடும் இடமே இல்லை. பென் டிரைவில் மாற்றிக் கொண்டுவந்தும் பயனில்லை.

"அண்ணாச்சி, இந்த சாப்ட்வேர் இதுல ஏறாது" என்றார் சரிபார்க்க வந்த இளைஞர்.

"ஏன் தம்பி, அந்த மெஷின்ல நேத்து வரைக்கும் ஓடுச்சே?"

"அது பழைய விண்டோஸ், அண்ணாச்சி. இது புதுசு. அதுக்குக் கட்டின மூட்டை இதுல இறங்காது."

இந்தப் பதிலின் பொருள் அன்று அவருக்கு விளங்கவில்லை. நம்மில் பலருக்கும் விளங்காது. ஆனால் மூட்டை கட்டுவதையும் இறக்குவதையும் தொழிலாகக் கொண்ட நமக்கு, இது புரியாத விஷயம் அல்ல. சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

மூட்டை என்றால் என்ன?

உளுந்து ஒன்றுதான். அதை மொத்தக் கடைக்கு அனுப்பும்போது சாக்கில் கட்டுகிறோம். வீட்டுக்காரர் வாங்க அரைக் கிலோ பாக்கெட்டில் போடுகிறோம். தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலில் போகும் சரக்கு கண்டெய்னரில் அடைபடுகிறது. சரக்கில் மாற்றம் இல்லை. இறங்கும் இடத்தில் என்ன வசதி இருக்கிறதோ அதற்கு ஏற்பக் கட்டு மாறுகிறது. கண்டெய்னரைக் கொண்டுவந்து நம் கடை வாசலில் நிறுத்தினால் இறக்க வழியில்லை.

சாப்ட்வேரும் அப்படியே. கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம், அதாவது இயக்கத் தளம், இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிள் கம்பெனியின் மேக், கைப்பேசியில் ஆண்ட்ராய்டு என்று பல வகை. பில் போடும் சாப்ட்வேர் நேராக மெஷினோடு பேசுவதில்லை. இயக்கத் தளத்திடம் கேட்டுத்தான் திரையில் எழுதுகிறது, கணக்கைச் சேமிக்கிறது, பிரிண்டருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு தளத்திடமும் கேட்கும் முறை வேறு. ஆகவே ஒரே சாப்ட்வேரை ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியே தயாரித்துத் தனித்தனியே கட்ட வேண்டியிருக்கிறது.

விண்டோசுக்கு உரிய கட்டு இ.எக்ஸ்.இ. அல்லது எம்.எஸ்.ஐ. என்ற பெயர் முடிவோடு வரும். லினக்சில் டெபியன் வகைக்கு டெப், ரெட் ஹேட் வகைக்கு ஆர்.பி.எம். மேக்குக்கு டி.எம்.ஜி. அல்லது பி.கே.ஜி. ஆண்ட்ராய்டுக்கு ஏ.பி.கே. இதற்கு நல்ல உதாரணம் லிப்ரே ஆபீஸ் என்னும் இலவச அலுவலக சாப்ட்வேர். 2010-ல் தொடங்கிய இதை எம்.எஸ்.ஐ., டி.எம்.ஜி., டெப், ஆர்.பி.எம். என நான்கு வகையாகவும் கட்டித் தருகிறார்கள். உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றே.

கட்டுக்குள் என்ன இருக்கும்? முதலாவது, சாப்ட்வேரின் கோப்புகள். இரண்டாவது, எந்தக் கோப்பை எங்கே வைப்பது என்ற குறிப்பு. மூன்றாவது, இது ஓடுவதற்கு வேறு என்னென்ன துணைச் சாப்ட்வேர் தேவை என்ற பட்டியல். நான்காவது, பெயர், பதிப்பு எண், தயாரித்தவர் விவரம். ஐந்தாவது, தயாரித்தவரின் மின் கையொப்பம். இது அரக்கு முத்திரை மாதிரி. நடுவில் யாராவது பிரித்துக் கலப்படம் செய்திருந்தால் காட்டிக் கொடுத்துவிடும்.

2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகளை நாம் அறிவோம். பாக்கெட்டில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர அளவு, மாதம், ஆண்டு, விலை, புகார் செய்ய வேண்டிய இடம் எல்லாம் இருக்க வேண்டும். இல்லாத பாக்கெட்டைக் கடையில் வைத்தால் அபராதம் நமக்கு. அரைக் கிலோ பருப்புக்கு இவ்வளவு பார்க்கிற நாம், கடையின் மொத்தக் கணக்கையும் ஒப்படைக்கும் சாப்ட்வேரை வாங்கும்போது ஒன்றும் பார்ப்பதில்லை.

பழைய மூட்டை ஏன் இறங்கவில்லை?

1990-களில் தமிழ்நாட்டுக் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது பெரும்பாலும் டாஸ் தளம்தான். ஃபாக்ஸ்புரோ என்ற கருவியைக் கொண்டு உள்ளூர் இளைஞர்கள் பில் புரோகிராம் எழுதித் தந்தார்கள். 1.44 மெகாபைட் கொள்ளும் பிளாப்பி ஒன்றிரண்டில் முழு சாப்ட்வேரும் அடங்கியது. பிறகு விண்டோஸ் வந்தும், டாஸ் புரோகிராம்களை அது உள்ளே வைத்து ஓட்டியதால் பலர் மாற்றவே இல்லை. நம் நண்பரும் அப்படித்தான். எழுதித் தந்தவர் ஜி.எஸ்.டி. வந்த 2017-ல் சில திருத்தங்களைச் செய்து கொடுத்துவிட்டு வெளியூர் போய்விட்டார்.

டாஸ் புரோகிராம்கள் 16 பிட் காலத்தவை. 32 பிட் விண்டோஸ் அவற்றை ஏற்றுக்கொண்டது. 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. விண்டோஸ் 11-ல் 32 பிட் வகையே கிடையாது. இளைஞர் சொன்ன பதிலின் முழு விளக்கம் இதுதான். சாப்ட்வேர் கெடவில்லை, புது மெஷினிலும் குறை இல்லை. இறக்கும் மேடை மாறிவிட்டது.

மேடை மாறுவது நம் விருப்பத்தைப் பொறுத்ததும் அல்ல. மைக்ரோசாஃப்ட் கம்பெனி விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 10 வைத்திருக்கும் தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று ஒரு தவணை கொடுத்தது.

ஆதரவு நின்ற அன்றே கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்களே அகப்பட்டார்கள்.

லினக்ஸ் ஒரு மாற்று ஆகுமா?

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது நினைவிருக்கும். அவற்றில் விண்டோசோடு பாஸ் என்னும் லினக்ஸ் தளமும் சேர்ந்து வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் வகையை அடிப்படையாகக் கொண்டு தயாரித்தது இது, 2007-ல் வெளிவந்தது. பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்த மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டுவந்து கணக்கு எழுதிய குடும்பங்கள் நம் வட்டாரத்தில் உண்டு. பாஸ் பக்கம் திறந்து பில் சாப்ட்வேரின் இ.எக்ஸ்.இ.யை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. மூட்டை வேறு, மேடை வேறு.

லினக்ஸ் தளத்துக்கு விலை இல்லை. பழைய மெஷினிலும் ஓடும். அதில் சாப்ட்வேர் வாங்கும் முறையும் வேறு. விண்டோசில் ஒவ்வொரு விற்பனையாளரும் தன் சரக்கைத் தானே கட்டி நம் கையில் தருகிறார். லினக்சில் ஒரு பொதுக் கிடங்கு இருக்கிறது. பெயரைச் சொன்னால், அந்தச் சரக்கும் அதற்கு வேண்டிய துணைச் சரக்கும் சேர்ந்தே கிடங்கிலிருந்து வந்து இறங்கும். முத்திரையும் தானே சரிபார்க்கப்படும்.

ஆனால் நம் தொழிலுக்கு வேண்டிய சாப்ட்வேர்கள் அந்தக் கிடங்கில் எத்தனை இருக்கின்றன என்பதே கேள்வி. 1986-ல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா, பரத் கோயங்கா ஆகிய தந்தையும் மகனும் தொடங்கிய டாலி, இன்று ஆடிட்டர்கள் மேஜையில் எல்லாம் இருப்பது, விண்டோசுக்கென்று கட்டப்பட்டது. ஜி.எஸ்.டி. ரிட்டனை இணையம் இல்லாமல் தயாரிக்க அரசுத் தளம் வழங்கிய ஆஃப்லைன் கருவிக்கே, விண்டோஸ் 7 அல்லது அதற்கு மேல் வேண்டும், லினக்சிலும் மேக்கிலும் ஓடாது என்றுதான் குறிப்பு இருந்தது. அதே தளம் கம்பெனிகள் மின் கையொப்பம் இடுவதற்கான எம்சைனர் என்ற சாப்ட்வேரை விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டாக வைத்தது. ஒரே அலுவலகம், ஒன்றுக்கு ஒரு மூட்டை, இன்னொன்றுக்கு மூன்று மூட்டை. ஆகவே தளத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு சாப்ட்வேர் தேடுவது தவறு. நமக்கு வேண்டிய சாப்ட்வேர் எந்தத் தளத்துக்குக் கட்டப்படுகிறது என்று பார்த்துவிட்டே மெஷின் வாங்க வேண்டும்.

லினக்சில் விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டுவதற்கு வைன் என்ற ஏற்பாடு 1993 முதல் உண்டு. சில ஓடும், சில ஓடாது. கடைக் கணக்கை இதில் வைக்குமுன் ஒரு மாதமாவது சோதித்துப் பார்ப்பது நல்லது.

மூட்டையே வேண்டாத முறை ஒன்றும் வந்துவிட்டது. சாப்ட்வேர் விற்பனையாளரின் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். நாம் இணையத்தில் பிரவுசர் வழியாகத் திறந்து வேலை செய்கிறோம். எந்தத் தளமானாலும் சரி, மெஷின் எரிந்து போனாலும் கணக்கு போகாது. ஆனால் ஆண்டுதோறும் வாடகை கட்ட வேண்டும். இணையம் நின்றால் பில் நிற்கலாம். கணக்கு அடுத்தவர் கிடங்கில் இருக்கிறது. சாவி நம்மிடம் இருக்கிறதா, வேண்டும்போது முழுக் கணக்கையும் எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழ் எழுத்தும் சேர்ந்து வருகிறதா?

பில்லில் சரக்கின் பெயர் தமிழில் இருந்தால் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை. ஆனால் பழைய சாப்ட்வேர்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துருவைப் பயன்படுத்தினார்கள். எழுத்துரு கூட வராவிட்டால் 'துவரம் பருப்பு' என்ற இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலந்து நிற்கும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற எழுத்து முறைகளும் ஏற்கப்பட்டன. 2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. யூனிகோடில் உள்ள தமிழ் விண்டோசிலும் லினக்சிலும் கைப்பேசியிலும் ஒன்றுபோலவே தெரியும். புதிதாக வாங்கும் எதுவும் யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்தில் உள்ள சரக்குப் பட்டியலை மாற்றித் தரும் பொறுப்பை விற்பவரிடமே விடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பாக்கி போனால் நமக்கு நஷ்டம். கணக்கே போனால் அதற்கு மேலும் உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர், ஓர் ஆண்டின் கணக்கை அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 36-ஆவது பிரிவு. 2024-25 ஆண்டுக்கு அந்தக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31 என்று எடுத்துக்கொண்டால், 2031 டிசம்பர் முடிய அந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர் முறையான நகல் எடுத்து வைக்க வேண்டும், விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கக்கூடியதாக இருக்க வேண்டும், அதிகாரி கேட்டால் படிக்கும் வடிவில் தர வேண்டும் என்று 57-ஆவது விதி சொல்கிறது. 'கணக்கு இருக்கிறது, ஆனால் திறக்கும் சாப்ட்வேர் புது மெஷினில் ஏறவில்லை' என்பது இந்த விதிக்குப் பதில் ஆகாது.

முத்திரை இல்லாத மூட்டை

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராத ரசீது என்றும், வங்கிச் செய்தி என்றும் பெயரிட்டு ஏ.பி.கே. கோப்புகள் வருகின்றன. பத்திரிகை படமாக வரும். ரசீது பி.டி.எஃப். ஆக வரும். ஏ.பி.கே. என்று முடிந்தால் அது சாப்ட்வேர் மூட்டை. அதைத் திறந்து அனுமதி கொடுத்தால், நம் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை அடுத்தவன் படிக்க வழி பிறக்கும். கல்லாப் பெட்டிச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்கு இது சமம். கடைப் பையன்களிடமும் வீட்டுப் பெண்களிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

விலை மிச்சம் என்று பூட்டு உடைத்த சாப்ட்வேரைப் போட்டுக்கொள்வதும் இந்த வகைதான். சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். உடைத்தவன் உள்ளே வேறு என்ன வைத்தான் என்பது யாருக்கும் தெரியாது. நிறுவும்போது 'தயாரித்தவர் அடையாளம் தெரியவில்லை' என்று விண்டோஸ் எச்சரித்தால், விற்றவரிடம் விவரம் கேட்காமல் மேலே போக வேண்டாம்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. எந்தத் தளம், எந்தப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா என்று பில்லிலேயே எழுதித் தருவீர்களா?

2. அடுத்த விண்டோஸ் வந்தால் புதிய கட்டு தருவீர்களா? அதற்குத் தனிக் கட்டணமா?

3. மெஷின் மாறினால் அதே உரிமத்தில் மறுபடி நிறுவ முடியுமா? எத்தனை முறை?

4. நிறுவும் கோப்பு, உரிம எண், துணைச் சாப்ட்வேர், எழுத்துரு எல்லாம் ஒரே பென் டிரைவில் கிடைக்குமா?

5. முழுக் கணக்கையும் எக்செல் அல்லது சி.எஸ்.வி. போன்ற பொது வடிவில் எடுக்க முடியுமா? நம் கண்முன் ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள்.

6. இருக்கிற பிரிண்டரும் தராசும் புது மெஷினோடு பேசுமா? பழைய பிரிண்டரின் அகலத் துளைக்கு உரிய இடம் இப்போதைய மெஷின்களில் பெரும்பாலும் இருப்பதில்லை.

இவற்றோடு, வாரம் ஒரு நகல் எடுத்துக் கடைக்கு வெளியே, வீட்டில் வைப்பது நம் பொறுப்பு. ஆண்டு முடிவில் பாக்கிப் பட்டியலையாவது தாளில் அச்செடுத்து வைத்தால் எந்தத் தளமும் தேவையில்லை.

நண்பரின் கதை எப்படி முடிந்தது?

பழைய கம்ப்யூட்டர் போனாலும் அதன் ஹார்ட் டிஸ்க் பிழைத்திருந்தது. ஃபாக்ஸ்புரோ தன் கணக்கை டி.பி.எஃப். என்ற கோப்புகளில் வைக்கும். இந்தக் கோப்பை லிப்ரே ஆபீசின் கால்க் திறந்து காட்டும். இளைஞர் அப்படித் திறந்தபோது கடைக்காரர்கள் பெயரும் பாக்கித் தொகையும் வரிசையாக வந்து நின்றன. சரக்குப் பெயர்கள் மட்டும் எழுத்துரு இல்லாமல் குழம்பிக் கிடந்தன. பழைய பில்களைப் பார்ப்பதற்கு டாஸ்பாக்ஸ் என்ற இலவச சாப்ட்வேரைப் போட்டு, அதற்குள் பழைய புரோகிராமை ஓட வைத்தார். புதுக் கணக்குக்கு வேறு சாப்ட்வேர் வாங்கினார்கள். இந்த முறை ஆறு கேள்விகளையும் கேட்டே வாங்கினார்கள்.

அதற்குள் இரண்டு சனிக்கிழமைகள் போய்விட்டன. அந்த இரண்டு சந்தை நாளும், வந்தவர்கள் வாய்ச்சொல்லாகச் சொன்ன தொகையையே அவர் பாக்கியாக ஏற்றுக்கொண்டார். கணக்கு கிடைத்த பிறகு ஒத்துப் பார்த்தபோது, ஒன்றிரண்டு தவிர மற்ற எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லி மகிழ்ந்தார். நம் ஊர் வியாபாரம் இன்றும் நாணயத்தில் நிற்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் வரி அதிகாரி முன் வாய்ச்சொல் செல்லாது.

தனி ஒரு கடைக்காரர் சாப்ட்வேர் விற்பவரிடம் நிபந்தனை பேசுவது கடினம். இருபது, முப்பது பேர் சேர்ந்து, 'தளம், பதிப்பு, கணக்கை வெளியே எடுக்கும் வசதி மூன்றையும் எழுத்தில் தந்தால்தான் வாங்குவோம்' என்று சங்கத்தின் மூலம் சொன்னால் கேட்காமல் இருக்க மாட்டார்கள். தராசுக்கு முத்திரை கேட்டு வாங்கும் நாம், கணக்குக்கும் கேட்டு வாங்கலாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள், தங்கள் கடைக் கம்ப்யூட்டரின் தளமும் பதிப்பும் என்ன என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வர வேண்டுகிறோம். அங்கிருந்து தொடங்குவோம்.